இருட்டில் ஒளிராத ‘ரேடியம்’

ஸ்டிக்கர் கடையில் ‘ரேடியம்’ என்று கேட்டால், பைக்கின் மட்கார்டில் ஒட்டும் பளபளப்பான தாளைத் தருவார்கள். அதில் ரேடியம் துளியும் கிடையாது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. சாலைக்கு நல்ல பொருள். அதையே அம்புக்குறியாக வெட்டி, லாட்ஜ், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபப் படிக்கட்டுகளில் ‘அவசர வழி’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கரண்ட் போய்ப் புகை சூழ்ந்த நேரத்தில் அங்கே எந்த ஹெட்லைட் வரப்போகிறது?

இருட்டில் தானாக ஒளிரும் பலகை வேறு வகை. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற வேதிப்பொருள் கலந்தது. விளக்கு எரியும்போது ஒளியை வாங்கி வைத்துக்கொள்ளும். விளக்கு அணைந்ததும் இளம்பச்சையாக அதை மெல்ல மெல்ல வெளிவிடும். முதல் சில நிமிடங்கள் நன்றாகத் தெரியும். பிறகு மங்கிக்கொண்டே போனாலும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நெடுநேரம் வழிகாட்டும். ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

இதன் அருமையை நியூயார்க் பட்டுத்தான் அறிந்தது. 1993 பிப்ரவரி 26 அன்று உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது மின்சாரம் போனது. மாடிப்படிகளில் புகை ஏறியது. ஆயிரக்கணக்கானோர் இருட்டில் தடவித் தடவி இறங்க மணிக்கணக்கானது. அதன்பிறகே அங்கே படி விளிம்பிலும் கைப்பிடியிலும் ஒளிரும் பட்டைகள் வந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று இறங்கித் தப்பியவர்களுக்கு அவை உதவின. 2004-இல் அந்நகரம் உயரமான அலுவலகக் கட்டடங்களின் படிக்கட்டுகளுக்கு அவற்றைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

படி விளிம்பு, கைப்பிடி என்று தாழ்வான இடங்களில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சூடான புகை மேலே போய்த் திரளும். கதவுக்கு மேல் மாட்டிய பலகையைத்தான் அது முதலில் மறைக்கும். குனிந்தும் தவழ்ந்தும் வருகிறவர் கண்ணுக்குத் தரையோரக் கோடே தெரியும்.

ஆனால் ஒளியை வாங்காத பலகை ஒளியைத் தராது. மின்சாரச் செலவு மிச்சம் என்று பல அடுக்குமாடிகளில் படிக்கட்டுக்கு சென்சார் விளக்கு போட்டிருக்கிறார்கள். எல்லோரும் லிஃப்டில் போவதால் படிக்கட்டு நாள் முழுக்க இருட்டாகவே கிடக்கும். அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பலகையும் வெறும் பிளாஸ்டிக்தான். மூன்று மணி நேரம் இருட்டில் இருக்கும் சினிமா அரங்குக்கும் இது மட்டும் போதாது; பேட்டரியில் எரியும் வழிவிளக்கு கட்டாயம் வேண்டும்.

அது இல்லாததன் விலை டெல்லிக்குத் தெரியும். 1997 ஜூன் 13, உபஹார் திரையரங்கு. கீழே மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. மின்சாரம் நின்றது. அவசர விளக்கு இல்லை. கூடுதல் இருக்கைகள் போட்டு வலப்பக்க நடைவழியை அடைத்திருந்தார்கள். மூச்சுத்திணறி 59 பேர் இறந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சங்கம் அமைத்து வழக்காடினார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர்களில் 20 வயதுக்கு மேற்பட்டோர் குடும்பங்களுக்கு 10 லட்சமும், அதற்குக் குறைந்தோர் குடும்பங்களுக்கு ஏழரை லட்சமும் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. பதினான்கு ஆண்டுகள் ஆயிற்று. அதனால்தான் அவசர விளக்கு இருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது என்கிறேன்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளியேறும் வழியில் விளக்கும் குறியீடும் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி சொல்கிறது. முதலில் நிர்வாகத்திடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் மாவட்டத் தீயணைப்பு அலுவலரிடம், வழி அடைபட்ட படத்தையும் தேதியையும் சேர்த்து மனு கொடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். திரையரங்குக்கு உரிமம் தருபவர் மாவட்டங்களில் ஆட்சியர், சென்னையில் காவல் ஆணையர். அந்தக் கட்டடத்தின் தீயணைப்பு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

காசு கொடுத்து நுழைந்த இடத்தில் பாதுகாப்புக் குறையால் காயப்பட்டால் அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். டிக்கெட்டையும் பில்லையும் தூக்கிப்போடாதீர்கள்.

உங்கள் குடியிருப்பில் இந்த வாரமே ஒன்று செய்யலாம். இரவு எட்டு மணிக்கு, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, படிக்கட்டு விளக்குகளைப் பத்து நிமிடம் அணையுங்கள். செல்போன் டார்ச்சைப் போடாமல் மேல்மாடியில் நின்று, அடுத்த படியின் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் தெருவுக்குப் போகும் கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்போதே விசாரியுங்கள்.