காட்சிக்கூடங்களும் காணாமற்போன உப்பும்: மரக்காணம் நெய்தல் நிலத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சென்னை, புதுச்சேரி ஆகிய இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் மரக்காணம் உப்பளங்கள் அமைந்துள்ளன. இக்கடற்கரையின் வரலாறும் தொழிலறிவும் இவ்விரு நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் அவற்றைச் சார்ந்த பண்பாட்டு மையங்களிலும் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அரும்பொருள்களைக் காக்கும் நிறுவனங்கள் தொழிலறிவையும் காக்க வேண்டிய தேவையை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மரக்காணம், உப்பளம், நெய்தல், அருங்காட்சியகம், எயிற்பட்டினம், ஆற்றுப்படை.

முன்னுரை

ஒரு பெருநகரின் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் அந்நகரை மட்டும் காண்பதில்லை. அந்நகரைச் சூழ்ந்த நிலப்பரப்பு முழுவதையும் காண்பதாகவே கருதுகின்றனர். எனவே ஒரு காட்சிக்கூடத்தில் எது வைக்கப்பட்டுள்ளது என்ற வினாவைப் போன்றே, எது வைக்கப்படவில்லை என்ற வினாவும் ஆய்வுக்குரியது. இவ்வினாவை எழுப்புதற்கு மரக்காணம் பொருத்தமான களமாகும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்லும் பயணிகள் இவ்வூரின் உப்புக் குவியல்களைச் சாலையிலிருந்தே காண்கின்றனர். அவ்வெண்குவியல்கள் எவ்வாறு உருவாயின என்பதை அறியும் வாய்ப்பு அப்பயணத்தின் இரு முனைகளிலும் அவர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

எயிற்பட்டினமும் ஆற்றுப்படை மரபும்

நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்துகிறது. அவ்வழியில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினமும், முல்லை நிலத்து வேலூரும், மருத நிலத்து ஆமூரும் அடுத்தடுத்து வருகின்றன. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு அல்லது அதன் அண்மைக் கடற்கரையோடு பொருத்திக் காண்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். கிரேக்க மொழியில் அமைந்த கடற்பயண நூலான பெரிப்ளூசு குறிப்பிடும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இவ்வூரோடு இணைப்போர் உளர். மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரின் இடைக்கால வரலாற்றுக்குச் சான்றுகளாகும்.

ஆற்றுப்படை இலக்கியம் ஊரையும் அரசனையும் மட்டும் அறிமுகப்படுத்துவதில்லை. வழியில் உள்ள மக்கள் எத்தொழில் செய்கின்றனர், எவ்வுணவை அளிக்கின்றனர் என்பதையும் அது கூறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை உமணரின் உப்பு வண்டியை அதன் உறுப்புகளோடு விரித்துரைப்பது இதற்குத் தக்க சான்றாகும். காண்போரை வழிப்படுத்துவதே அருங்காட்சியகத்தின் பணியெனின், பொருளோடு தொழிலையும் சேர்த்துக் காட்டும் முறைக்குத் தமிழ் மரபிலேயே முன்மாதிரி உண்டு எனலாம்.

நகர அருங்காட்சியகங்களில் கடற்கரை

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மருத்துவரான எட்வர்டு பால்ஃபர் அதன் முதற்பொறுப்பாளராக இருந்தார். 1854ஆம் ஆண்டு அது எழும்பூரில் உள்ள பாந்தியன் வளாகத்திற்கு மாற்றப்பட்டது. அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் அதன் புகழுக்குக் காரணமாயின. தொல்லியல், மானிடவியல், நாணயவியல், தாவரவியல், விலங்கியல், நிலவியல் என்னும் துறைப்பகுப்பு அங்குப் பின்பற்றப்படுகிறது. ஐரோப்பிய அறிவியல் மரபில் தோன்றிய இப்பகுப்பு ஒவ்வொரு பொருளையும் நுணுகி அறிய உதவுகிறது. எனினும், கடற்கரை வாழ்க்கை போன்ற ஒருங்கிணைந்த ஒன்றை அது பல அறைகளுக்குப் பிரித்துவிடுகிறது. பறவை ஓர் அறைக்கும், நாணயம் மற்றோர் அறைக்கும், கனிமம் வேறோர் அறைக்கும் உரியனவாகின்றன. இம்மூன்றும் சந்திக்கும் உப்பளம் எவ்வறைக்கும் உரியதாவதில்லை.

புதுச்சேரி அருங்காட்சியகம் அரிக்கமேட்டுப் பொருள்களால் சிறப்புற்றது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கு அகழாய்வு நடத்தினர். ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், ரௌலட்டட் மட்கலங்கள், கண்ணாடி மணிகள் முதலியன அயல்நாட்டு வணிகத்திற்குச் சான்றாயின. மண்ணில் கிடந்து எஞ்சியவையே சான்றுகளாகக் காட்சிக்கு வருகின்றன. உப்போ நீரில் கரைவது, விளைந்த பின் உண்ணப்படுவது, தடயம் விடாதது. எனவே மணி செய்தோர்க்குக் கிடைத்த இடம் உப்பு விளைவித்தோர்க்குக் கிடைக்காமைக்குப் புறக்கணிப்பை மட்டும் காரணமாகக் கூறவியலாது. பொருளின் இயல்பும் ஒரு காரணமாகும்.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இக்குறையை வேறொரு வகையில் அணுகுகிறது. தென்னிந்தியாவின் பழைய வீடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கு மீண்டும் கட்டப்பட்டுள்ளன. நெசவாளர், குயவர், உழவர், வணிகர் ஆகியோரின் வாழ்க்கை அவர்தம் வீடுகளின் வழியே உணர்த்தப்படுகிறது. ஆயினும் வீட்டை மையமாகக் கொண்ட இம்முறை, வீட்டிற்கு வெளியே திறந்தவெளியில் நிகழும் உப்புத் தொழிலை உள்ளடக்குதல் அரிது.

காட்சிப்படுத்த வேண்டிய அறிவு

உப்பு விளைவித்தல் எளிய தொழிலன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் முக்காற்பங்கிற்கு மேல் சாதாரண உப்பாகும். நீர் ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்குச் செலுத்தப்படுகையில் வெயிலாலும் காற்றாலும் செறிவடைகிறது. முதலில் சுண்ணாம்புப் பொருள்களும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. செறிவு ஏறத்தாழ 25 போமே அளவை எட்டும்போது உப்பு படிகமாகிறது. இதன்பின் எஞ்சும் கசப்புநீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அதனை உரிய வேளையில் வெளியேற்றாவிடின் உப்பின் தரம் கெடும். எப்போது நீரை மாற்றுவது, எப்போது வாருவது என்பதை நீரின் நிறம், காற்றின் திசை, மேகத்தின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யும் பட்டறிவு தொழிலாளரிடம் உள்ளது. பருவம் தப்பிப் பெய்யும் ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். இவ்வறிவு ஏட்டில் இல்லை. கைமாறும் வரையில் மட்டுமே அது வாழும்.

வேறு நாடுகளில் இவ்வறிவுக்கெனத் தனி அருங்காட்சியகங்கள் தோன்றியுள்ளன. பிரான்சின் பட்சூர்மேர் என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டிலேயே உப்பளத்தார் வாழ்க்கைக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. ஜெர்மனியின் லூனபர்க் நகரில் 1980இல் மூடப்பட்ட உப்பாலை பின்னர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. இந்தியாவில் தண்டி யாத்திரைக்குத் தேசிய நினைவிடம் 2019இல் திறக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் நிகழ்ந்த வேதாரண்ய யாத்திரையும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் இந்நினைவுகளில் உப்பு விடுதலையின் குறியீடாக நிற்கிறது. அதனை விளைவிப்போரின் உழைப்பு பின்னணிக்குச் செல்கிறது.

நிலமே காட்சிக்கூடம்

மரக்காணத்தைச் சூழ்ந்து ஓர் இயற்கையான காட்சித்தொடர் உள்ளது. பக்கிங்காம் கால்வாய் இங்கு முடிவடைகிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஈரநிலம், 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பறைக் கோட்டையின் இடிபாடுகள் கடலை நோக்கி நிற்கின்றன. அங்கு நாணயச் சாலை இயங்கியது. 1760இல் ஆங்கிலேயர் அக்கோட்டையைக் கைப்பற்றிச் சிதைத்தனர். கோயில், கால்வாய், ஈரநிலம், கோட்டை, உப்பளம் ஆகிய ஐந்தையும் இணைத்துக் காட்டும் சிறிய களக் காட்சிக்கூடம் ஒன்றிற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. வெவ்வேறு செறிவுள்ள நீர் நிரம்பிய சில பாத்திகளும், கருவிகளும், தொழிலாளரின் குரற்பதிவுகளும், விளக்கம் கூற ஒரு மூத்த உப்பளத் தொழிலாளியும் அமைந்தால் போதும்.

முடிவுரை

எழும்பூரிலும் புதுச்சேரியிலும் உள்ள காட்சிக்கூடங்கள் இக்கடற்கரையின் எஞ்சிய பொருள்களைச் செவ்வனே காக்கின்றன. எஞ்சாத பொருளை ஆக்கும் அறிவே காப்பின்றி உள்ளது. மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகள் பள்ளிச் சுற்றுலாவாக நகர அருங்காட்சியகத்திற்குச் செல்கையில், அரசரின் நாணயத்தையும் அயல்நாட்டு மதுச்சாடியையும் வரலாறாகக் காண்கிறாள். தன் தாய் நாளும் வாரும் உப்பை வரலாறாகக் காணும் வாய்ப்பு அவளுக்கு அமைவதில்லை. அவ்வாய்ப்பை ஏற்படுத்துதல் அருங்காட்சியகத் துறையும் பல்கலைக்கழகங்களும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அதன் முதற்படியாக, உப்பளச் சொற்களையும் செய்முறைகளையும் மூத்த தொழிலாளர் வாயிலாகத் தொகுத்தல் உடனடித் தேவையாகும்.