பழைய கேம்பர் வேன் தேர்ந்தெடுத்தல்

கேம்பர் வேன் என்பது படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி முதலியவை உள்ளேயே பொருத்தப்பட்ட பயண வண்டியாகும். தமிழ்நாட்டில் இதைக் 'கேரவன்' என்றே பெரும்பாலோர் அழைக்கின்றனர். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் ஃபோக்ஸ்வேகன் வேன்களை இவ்வாறு மாற்றி அமைத்தது. அண்டை மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தியாவில் விற்பனைக்கு வரும் பழைய கேம்பர் வேன்களில் பல, முதலில் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டுப் பின்னர் பட்டறையில் மாற்றப்பட்டவை. எனவே வாங்குபவர் ஓடும் வண்டியையும் அதனுள் கட்டப்பட்ட சிறு வீட்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மெத்தையும் விளக்குகளும் வேண்டும்போது மாற்றக்கூடியவை. துருப்பிடித்த சேசிஸையோ, வண்டியோடு பொருந்தாத பதிவுச் சான்றையோ அவ்வளவு எளிதில் சரிசெய்ய முடியாது.

உடுமலைப்பேட்டையும் பயணத் தேவையும்

எந்தச் சாலையில் ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடுமலைப்பேட்டை கோயம்புத்தூர் - திண்டுக்கல் நெடுஞ்சாலையில் உள்ளது. கிழக்கே பழனி, மேற்கே பொள்ளாச்சி, தெற்கே ஆனைமலைத் தொடர். இங்கிருந்து 9/6 சோதனைச் சாவடி, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இப்பயணத்தில் வண்டி ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். ஆழியாறு - வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்டு வரை வீசும் பலத்த காற்றினால்தான் உடுமலை சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு காற்றாலைகள் உள்ளன. உயரமான கூரையும் அதன்மேல் ஏசி, சோலார் பலகைகளும் கொண்ட வேன், பக்கவாட்டுக் காற்றில் ஆட்டம் காணும். மலையேறவும் காற்றைத் தாங்கவும் தேவைக்கு மேல் பெரிதாக இல்லாத வண்டியே ஏற்றது.

எந்த வண்டி

ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் ஆகியவை கேம்பராக மாற்றப்படும் வேன்களில் குறிப்பிடத்தக்கவை. டெம்போ டிராவலர் என்றே இன்றும் அழைக்கப்படும் முதல் வண்டியின் உதிரிபாகங்களும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் சிற்றூர்களில்கூடக் கிடைப்பது பெரும் வசதி. இருவர் மட்டும் செல்வதற்கு மாருதி ஆம்னி, ஈகோ போன்ற சிறிய வேன்களும் மாற்றப்படுகின்றன. ஆம்னியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது.

விளம்பரங்களில் பெயர்க்குழப்பம் ஒன்று உண்டு. 'கேம்பர்' என்று தேடினால் வரும் பொலிரோ கேம்பர், இரட்டை இருக்கை வரிசை கொண்ட பிக்கப் வண்டி. அதில் படுக்கையோ சமையல் வசதியோ இருக்காது.

பதிவுச் சான்று

வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் படிக்க வேண்டும். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அடுத்து வாகன வகை. மோட்டார் வாகனப் பதிவில் கேம்பர் வேன், மோட்டார் கேரவன், மேக்ஸி கேப், ஆம்னி பஸ் என வெவ்வேறு வகைகள் உள்ளன. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல், பன்னிரண்டு பேர் வரை வாடகைக்கு ஏற்றும் வண்டி மேக்ஸி கேப் ஆகும். உள்ளே இரண்டு கட்டில் இருக்க, ஆர்.சி.யில் 'மேக்ஸி கேப், 12 இருக்கை' என்று இருந்தால் அந்த மாற்றம் பதிவாகவில்லை என்று பொருள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தனித் தரநிலையும் உண்டு. பதிவாகாத மாற்றம் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டுத் தொகை கேட்கும்போது அதுவே தகராறுக்கு இடமாகும். 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால், அவரே மாற்றித் தந்த பிறகு வாங்குவது நல்லது.

தனியார் உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டிக்கு முதல் 8 ஆண்டுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. வரி, காப்பீடு, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ஐக் கேட்டுப் பெற வேண்டும். கேரளப் பதிவு வண்டியானால் படிவம் 28, அதாவது தடையின்மைச் சான்று அவசியம். இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

எடை மேடை

பலர் செய்யத் தவறும் சோதனை இது. கொப்பரை, தேங்காய், தீவன லாரிகள் நிறுத்துப் பார்க்கும் எடை மேடையில், சிறு கட்டணத்தில் வேனையும் நிறுத்துப் பார்க்கலாம். வந்த எடையை, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிட வேண்டும்.

18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, எட்டுக்கு நான்கு அடி அளவில், ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. நான்கு பேர், அவர்களின் துணிமணி, பாத்திரம் ஆகியவற்றுக்கு 350 கிலோ வைத்துக்கொள்ளலாம். காலித் தொட்டியுடன் நிறுத்த வேன் வரம்பைவிட 300 கிலோ மட்டுமே குறைவாக இருந்தால், குடும்பம் ஏறித் தண்ணீரும் நிரப்பியதும் வரம்பு 150 கிலோ மீறிவிடும். அந்தச் சுமை மலையிறக்கத்தில் பிரேக்கின் மீதும் டயரின் மீதும் விழும். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே மேடையில் ஏற்றினால் எந்தப் பக்கம் பாரம் கூடியுள்ளது என்பதும் தெரியும்.

அடிப்பகுதியும் இயந்திரமும்

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், பட்டறைக் குழியின்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். சேசிஸ் சட்டம், ஸ்பிரிங் பட்டைகள், தரைத்தகடு, கதவின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் துரு முதலில் தென்படும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பூசிய அடிப்பகுதி ஐயத்துக்குரியது. தண்ணீர்த் தொட்டிக்கும் கழுவு தொட்டிக்கும் அடியில் உள்ள பலகையைக் கையால் அழுத்தினால், கசிவு இருந்த இடம் மெத்தென்று இருக்கும். கூரையில் துளையிட்டு ஏசி பொருத்திய இடத்தின்மேல் அரைமணி நேரம் குழாய்த் தண்ணீர் விட்டு உள்ளே பார்க்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் சந்தைக்கு வரும். சென்னை 2015, 2023 ஆண்டுகளிலும் கேரளம் 2018இலும் பெருவெள்ளத்தைக் கண்டன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கைத் திருகாணிகளின் துருவும் அடையாளமே.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் இயக்கச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பல குறைகள் மறையும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். விடாத வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டலாம். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் போதாது. ஆழியாறு போன்ற மலைச்சாலையில் சில வளைவுகள் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது வெப்பமானியையும், இறங்கும்போது பிரேக் மிதி மெல்லக் கீழே போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும், அதன் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

எரிவாயு, ஜெனரேட்டர், மின்சாரம்

தூங்கும் இடமும் எரியும் இடமும் ஒன்றாக இருப்பதே கேம்பர் வேனின் பெரிய ஆபத்து. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் உயிரிழந்தனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். எனவே ஜெனரேட்டர் உள்ள வண்டியில் தரையிலுள்ள ஒவ்வொரு துளையையும், ஒயர் செல்லும் வழியையும், புகைக்குழாய் முடியும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டி உட்புறம் அடைக்கப்பட்டு, அதன் அடியில் வெளிக்காற்றுத் துளை உள்ளதாக இருக்க வேண்டும். குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் அதன் அருகிலேயே ஃபியூஸ் இல்லையென்றால், அந்த மின்வேலையை முழுவதும் மாற்றுவதே பாதுகாப்பு. தீயணைப்பான், வாயு எச்சரிக்கைக் கருவி, படுக்கையருகே இரண்டாவது வெளிவழி ஆகியவையும் தேவை.

விலையும் பெயர் மாற்றமும்

முதலில் அதே ஆண்டின் மாற்றப்படாத வேன் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதை அடிப்படையாக வைக்க வேண்டும். உள்வேலைக்குச் செய்த செலவு முழுவதையும் விற்பவர் கேட்பது வழக்கம். தேய்மானத்தையும் திருத்த வேண்டிய வேலைகளையும் அதில் கழித்தே பேச வேண்டும்.

பணம் கொடுக்கும்போது தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு, படிவம் 29, 30 ஆகியவற்றை உடனே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறும்வரை பதிவேட்டில் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பெயர் மாற்றத்தை விரைந்து முடிப்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம அளவில் நன்மை உண்டு.