இணைகோடுகள் ஏன் சந்திப்பதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன், எம் தோட்டப் பள்ளியில் பயின்று இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தி, ஒரு மாலை என்னிடம் கணக்குக் கேட்க வந்தாள். "இணைகோடுகளுக்குச் சாய்வு சமம்" என்னும் விதியைச் சொல்லிக் கணக்கையும் செய்து காட்டினேன். "சாய்வு சமமானால் அவை ஏன் சந்திப்பதில்லை, ஐயா?" என்று கேட்டாள். "விதி அதுதான், அம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒருவன் சொல்லத்தக்க விடை அல்ல அது. அவளுக்கு அன்று சொல்லாததை இங்கே சொல்ல விழைகிறேன்.

கிடையாகச் செல்லும் தூரத்தைக் 'க' என்றும், மேலே ஏறும் தூரத்தை 'ம' என்றும் கொள்வோம். ம = 2க + 1 என்பது ஒரு நேர்கோட்டின் சமன்பாடு. இதில் 2 என்பது சாய்வு. கிடையில் ஓரடி சென்றால் மேலே இரண்டடி ஏறவேண்டும் என்பது அதன் பொருள். 1 என்பது கோடு நிலை அச்சை வெட்டும் உயரம். ஆக, 2 கோட்டின் போக்கைச் சொல்கிறது; 1 அதன் இடத்தைச் சொல்கிறது. சமதரையில் நட்ட பால்மர நிரைகளை எண்ணிப் பாருங்கள். எல்லா நிரைகளுக்கும் போக்கு ஒன்றே. தொடங்கும் இடந்தான் வேறு.

இனி, இக்கோட்டிற்கு இணையாக (3, 4) என்னும் புள்ளி வழியே செல்லும் கோட்டைக் காண்போம். போக்கு மாறாது, இடம் தெரியாது. தெரியாத இடத்தை 'இ' என்போம். அப்போது ம = 2க + இ. புள்ளியை இட்டால் 4 = 6 + இ; எனவே இ = −2. விடை ம = 2க − 2.

இரு கோடுகளின் உயரங்களையும் ஒப்பிடுவோம். க = 0 எனில் 1, −2; க = 3 எனில் 7, 4; க = 10 எனில் 21, 18. எங்கே பார்த்தாலும் வேறுபாடு 3 தான். குறையாத இடைவெளி எவ்வாறு மறையும்? சந்திக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், 2க + 1 = 2க − 2 ஆகி, 1 = −2 என்று முடியும். அது நடவாத காரியம். மாணவியின் கேள்விக்கு விடை இதுவே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நமக்கு 'இ' ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஒரு கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரையலாம் என்று 1795இல் ஜான் பிளேஃபேர் தம் வடிவியல் நூலில் எழுதினார். அந்த உண்மையே இங்கு இயற்கணித உருவில் நிற்கிறது.

மாணவர் வழுக்கும் இடங்கள் மூன்று. 2க + 3ம = 6 என்பதில் சாய்வு 2 என்பர். ம-வைத் தனியே பிரித்தால்தான் அது −2/3 என்று விளங்கும். ஆயினும், (3, 4) வழியே செல்லும் இணைகோடு காண அதுவும் வேண்டியதில்லை. இடப்பக்கத்தை அப்படியே வைத்துப் புள்ளியை இட்டால் 6 + 12 = 18; விடை 2க + 3ம = 18. அடுத்து, 4க + 6ம = 12 என்பதை முதற்கோட்டின் இணைகோடு என்பர். இரண்டால் வகுத்தால் அது அதே கோடு! மூன்றாவதாக, க = 3 போன்ற செங்குத்துக் கோட்டிற்குச் சாய்வைக் குறிக்க எண்ணே இல்லை; அதன் இணைகோடு க = 5 போன்றதே.

நம் பிள்ளைகள் ஆறாண்டு தமிழில் கற்றபின், இடைநிலைப் பள்ளியில் சாய்வைக் 'கெச்செருனான்' என்று மலாயில் கேட்கின்றனர். விதியை மட்டும் மனனம் செய்தவனுக்குச் சொல் மாறினால் கால் தடுமாறும். பொருளை உணர்ந்தவனுக்கு மாறுவது பெயர் மட்டுமே. ஆகவே ஆசிரிய நண்பர்களே, விதியைச் சொல்லுமுன் கட்டத்தாளில் இரு கோடுகளை வரையச் செய்து, இடைவெளியை மாணவரே எண்ணிப் பார்க்க விடுங்கள். 'ஏன்' என்று கேட்கும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.