ஸ்பாட் ஆகிப்போன ஊர்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, முதலமடை மாந்தோப்புகளையும் கடந்து போகிறவர்களுக்குக் கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டக் கொல்லங்கோடு பேருந்து சன்னலில் வந்துபோகும் ஓர் ஊராகத்தான் ரொம்ப நாள் இருந்தது. பின்னால் நெல்லியாம்பதி மலை, முன்னால் நெல்வயல், இடையே வரப்போரப் பனைகள். 2023இல் இந்தியாவின் அழகான கிராமங்கள் என்று ஒரு பட்டியல் சமூக ஊடகங்களில் சுற்றியது. அதில் கொல்லங்கோடும் இருந்தது. அவ்வளவுதான், விடுமுறை நாட்களில் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. வருகிறவர்கள் ஊரைக் கேட்பதில்லை, ஸ்பாட்டைக் கேட்கிறார்கள். எந்த வரப்பில், எந்தப் பனைக்கு நேராக நின்றால் அந்த வைரல் படம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. கையில் கேமராவோ நல்ல செல்போனோ வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களின் இந்தப் பொழுதுபோக்கு, ஊர்களை ஸ்பாட்டுகளாக மாற்றும் வேலையாகிவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

வரப்பு என்பது நடைபாதை அல்ல. நடவுக்கு முன் மண்வெட்டியால் சேறு அள்ளி அணைத்து, மெழுகியதுபோல் வழித்துவிட்ட மண்கரை அது. ஒரு வயலின் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குப் போகாமல் நிறுத்துவது அதுதான். செருப்போ ஷூவோ போட்ட கால்கள் வரிசையாக ஏறி, ஒருவர் நிற்க இன்னொருவர் குனிந்து கோணம் பார்க்க, ஈரம் காயாத கரையில் ஓரம் சரியும். சரிந்த இடத்தில் மேல்வயல் தண்ணீர் கீழ்வயலில் இறங்கிவிடும். படம் எடுத்தவர் மாலையே ஊர் திரும்பிவிடுவார், கரையை மறுபடி அணைப்பது வயல்காரர் வேலை. சேற்றில் புதைந்த ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும், அடுத்த நடவில் யாருடைய பாதமோ கிழிபடும். 1970களின் நடுவில் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல். இன்று ஏறத்தாழ 2 லட்சம். வயலை மண் போட்டு மேடாக்குவதைத் தடுக்க 2008இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் தாங்கி விவசாயத்தை விடாமல் இருக்கிறவர்களின் நிலத்தைத்தான் நாம் பின்னணித் திரையாக்கிக்கொள்கிறோம்.

இடுக்கிப் பக்கம் சேதம் இன்னும் திருத்த முடியாதது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பூத்த செடி அதோடு செத்துவிடும் என்பதைப் படமெடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? மொத்த ஆயுளில் ஒரே ஒரு முறை பூ. அந்தப் பூ உதிர்ந்து காய் முற்றி விதை மண்ணில் விழச் சில மாதங்கள் ஆகும். அந்த விதையை நம்பித்தான் அடுத்த தலைமுறைச் செடி. பூத்திருக்கும் புதருக்குள் இறங்கி நின்று செல்ஃபி எடுக்கும்போது ஒடிவது ஒரு கிளை மட்டுமல்ல, 12 ஆண்டு காத்திருப்பும் அதோடு போகிறது. 2022 அக்டோபரில் சாந்தன்பாறைக்குப் பக்கத்துக் கள்ளிப்பாறை மலையில் குறிஞ்சி பூத்தபோது இதுதான் நடந்தது. மூணாறு வட்டாரப் பூப்பு 2018இல் முடிந்துவிட்ட நிலையில், இந்த மலையின் படங்கள் போனுக்குப் போன் பறந்தன. கூட்டம் ஏறியது, செடிகள் மிதிபட்டன, பிளாஸ்டிக் குப்பை மிஞ்சியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் இடம்பிடித்தது. பறித்தால் குற்றம் என்று சொல்லிவிடலாம். மலை நிறைய ஆள் நிற்கும்போது மிதித்தவரை யார் பிடிப்பது?

யானை விஷயத்தில் இந்த ஸ்பாட் நடமாடவும் செய்கிறது. மூணாறு வட்டாரத்தில் ரஜினி படத்தின் பெயரால் ‘படையப்பா’ என்று அழைக்கப்படும் கொம்பன் ஒன்று உண்டு. அது ரோட்டுக்கு வந்தால் வண்டியை முன்னால் நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து வீடியோ எடுப்பது ஒரு வேடிக்கையாகிவிட்டது. சீண்டியதற்காக வனத்துறை வழக்குப் போட்டதும் உண்டு. ‘இப்போது இங்கே நிற்கிறது’ என்று ஒருவர் போடும் பதிவு, அடுத்த அரைமணியில் பத்து வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மிரண்ட யானை அன்றைக்கு அந்த வழியாக வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளி மேல் பாயாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்படியானால் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டுமா? இல்லை, இன்னும் அதிகமாக எடுக்க வேண்டும்; ஆனால் வீட்டுப் பக்கத்தில் எடுக்க வேண்டும். நம்மிடம் அதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன் கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் பிடித்த அந்தக் கை, காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடுதான் எழுதியது. பாலக்காட்டு மாவட்டக் காவசேரியில் பிறந்த கே.கே.நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் 1958இல் மலையாளத்துக்குத் தந்த பறவைப் புத்தகத்தைப் படித்துத்தான் பலர் தங்கள் கொல்லைப்புறத்துப் பறவைகளுக்குப் பெயர் தெரிந்துகொண்டார்கள். 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தயாரித்த பறவை வரைபடத்துக்கு உழைத்தவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களே. ஒதுக்கப்பட்ட கட்டத்தில் எது இருக்கிறதோ அதைக் குறித்தார்கள். அழகான கட்டம், அழகில்லாத கட்டம் என்ற பேச்சே அதில் கிடையாது.

பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் அகப்படும் படங்கள் இந்தக் கேரள-தமிழக எல்லைப் பகுதியில் கொட்டிக் கிடக்கின்றன. மூணாற்றிலிருந்து மறையூர் வழியாகச் சின்னாறு வரை போனால், சோலைக்காட்டில் தொடங்கி முள்காட்டில் முடியலாம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது, இந்தப் பக்கம் மழைமறைவில் சின்னாறு காய்ந்து கிடக்கும். அதற்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரே நாள் வருகிறவருக்கு இதில் பாதிதான் தெரியும். வட்டவடைப் படிக்கட்டு வயல்களைப் பச்சைப்பசேல் என்று எடுப்பவர், பக்கத்து மலையின் பச்சை ‘கிராண்டிஸ்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் யூகலிப்டஸ் என்பதைக் கவனிக்கமாட்டார். இத்தனைக்கும் குறிஞ்சிக்காகவே 2006இல் சரணாலயம் அறிவிக்கப்பட்ட வட்டாரம் இது. படத்தில் எல்லாம் ஒரே பச்சைதான். தேயிலைத் தோட்டப் படங்களிலும் இதே கதை. வளைவு வளைவாகப் பாத்திகள் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் அழகைக் கெடுக்கும் என்று வெட்டப்பட்டுவிடும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது, தேயிலை மலைக்குள் நம் தமிழ்க் குடும்பங்கள் எப்படிப்பட்ட வரிசை வீடுகளில் இருந்தன என்பதைப் பலர் முதல்முறையாகச் செய்திப் படங்களில்தான் பார்த்தார்கள்.

கூட்டம் வந்தால் டீக்கடைக்கும் ஜீப்புக்கும் ஹோம்ஸ்டேக்கும் வருமானம் என்பார்கள்; உண்மைதான், ஆனால் வரப்பு சரிந்தவருக்கு அதில் பங்கு இல்லை. இன்னொரு வாதம் கனமானது: படம் எடுத்து ஊருக்குக் காட்டாவிட்டால் எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாதே? குறிஞ்சிக்காகக் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடந்தே போனவர்கள் 1989லேயே உண்டு. 2006இல் தபால்தலை வெளிவந்ததும் சரணாலயம் வந்ததும் அந்தத் தொடர் முயற்சியின் தடத்தில்தான். ஆனால் அவர்கள் நாட்டுக்குச் சொன்னது குறிஞ்சியைப் பற்றி. எந்தப் பாறைக்குப் பின்னால் இன்று பூத்திருக்கிறது என்றல்ல. அறிவியலுக்குக் கூட இந்த வித்தியாசம் தெரியும். உலகெங்கும் இயற்கை ஆர்வலர்கள் படம் ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அருகிவரும் உயிரினமென்றால் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வைக்குக் காட்டாமல் தானே மறைத்துவிடுகிறது. பதிவு இருக்கிறது, வழி மட்டும் இல்லை. சாதாரணமாகப் படம் போடுகிறவரும் செல்போனில் லொக்கேஷனை அணைத்துவிட்டு, மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். மாதமும் வருடமும் மட்டும் தவறாமல் எழுதினால் போதும். நாற்பது வருடம் கழித்துப் பாலக்காட்டில் பனை எங்கே போயிற்று என்று தேடுகிறவருக்கு அந்தத் தேதிதான் வேண்டும்.

மூணாறு வட்டாரக் குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதைப் பார்க்கப் போகும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வாசல் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு இருக்கிறது. வரையாடு குட்டி போடும் மாதங்களில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். அங்கே இடம் கிடைக்காத கூட்டம் எங்கே போகும் என்பதற்குக் கள்ளிப்பாறை பதில் சொல்லிவிட்டது. வாசலோ காவலோ இல்லாத மலைகள் தேவிகுளத்திலிருந்து போடிமெட்டு வரை எத்தனையோ உண்டு. எதில் பூத்திருக்கிறது என்பது அங்கே மாடு மேய்க்கிறவருக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவருக்கும்தான் முதலில் தெரியும். இப்போது அவர்கள் கையிலும் போன் இருக்கிறது.