காட்டலும் காட்சியும்

‘எக்சிபிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவோர் பலர் எவ்விடத்தும் ‘காட்சிப்படுத்து’ என்றே எழுதிவிடுகின்றனர். அது எல்லா இடத்திற்கும் பொருந்துவதன்று.

‘எக்சிபிட்’ இலத்தீன் வழிவந்த சொல். ‘வெளியே’ என்னும் முன்னொட்டும் ‘பிடித்தல்’ என்னும் வினையும் சேர்ந்து, கையிலிருப்பதை வெளியே நீட்டுதல் என்னும் கருத்தைத் தந்தன. ‘டிஸ்பிளே’ என்பதன் வேர்ப்பொருள் மடித்ததை விரித்தல். இரண்டிலும் நீட்டும், விரிக்கும் கையே முதன்மை பெறுகிறது. தமிழிலோ கண் முதன்மை பெறுகிறது. உண் என்பது ஊட்டு எனவும், பூண் என்பது பூட்டு எனவும் பிறவினையாவது போலக் காண் என்பது காட்டு என்றாகிறது. ஆள் என்பதிலிருந்து ஆட்சி பிறப்பது போலக் காண் என்பதிலிருந்து காட்சி பிறக்கிறது. காட்டுதலாவது பிறரைக் காணச் செய்தல். காண்பார் இல்லையேல் அவ்வினைக்குப் பொருளில்லை.

இவ்வேரின் மலையாளக் கிளை, 1956 நவம்பர் 1 வரை கேரளத்தோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்த நாஞ்சில் நாட்டார்க்கு அயலானதன்று. காட்சி என்பதற்கு இணையான மலையாளச் சொல் ‘காழ்ச்ச’. திருவனந்தபுரத்தில் 1880இல் கட்டிமுடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தை அம்மொழியினர் ‘காழ்ச்சபங்களாவு’ என்பர். ‘காழ்ச்ச’ என்பதற்குக் காணிக்கை என்னும் பொருளும் உண்டு. தமிழ்க் காணிக்கையும் காண் என்னும் வேரில் தோன்றியதே. பெரியோரைக் காணச் செல்வோர் வெறுங்கையோடு செல்லாத மரபு சொல்லிலேயே பதிந்துள்ளது. (சென்னை மக்கள் தம் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்தது வேறொரு சுவை!)

இனி வழக்கிற்கு வருவோம். பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய படைக்கலங்கள் ‘காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன’. ஒருவர் பொறுமையைக் ‘காட்டினார்’ எனலாம். ‘காட்சிப்படுத்தினார்’ என்றால் அவர் பொறுமையுடையவர்போல் நடித்தார் என்று பொருள்படும். செல்வத்தைப் பிறர் காண விரித்துவைப்பது ‘பகட்டு’. நீதிமன்றத்தில் ‘எக்சிபிட்’ எனக் குறியிடப்படும் ஆவணம் ‘சான்றாவணம்’. வழக்கில் கைப்பற்றப்பட்ட கத்தி ‘சான்றுப் பொருள்’. அதனைக் ‘காட்சிப் பொருள்’ என்று எழுதினால், ஒருவரின் குற்றத்தையோ குற்றமின்மையையோ நிறுவவேண்டிய பொருள் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

‘கண்காட்சி’ என்பதில் கண் மிகையென்று சிலர் கருதுவர். நாடகத்தின் பிரிவும் காட்சி. அளவை நூலார் கூறும் நேரடி அறிவும் காட்சி. அவற்றினின்று பிரித்தறிய அக்கண் உதவுகிறது. எனினும் ‘புத்தகக் காட்சி’ என்பதிலும் பொருள் மயங்குவதில்லை. இரண்டும் வழக்கில் உள்ளன.