காலனிக்கு ஏன் கடைசியில் வருகிறீர்கள்?

திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் நிலக்கோட்டை மட்டும்தான் தனித் தொகுதி. மல்லிகைக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்ற இந்தத் தொகுதிக்குள் வத்தலக்குண்டும் அம்மையநாயக்கனூரும் வருகின்றன. இங்கே போட்டியிடும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் தலித்துகளே. ஆனாலும் பிரச்சார வேன் எந்த நேரத்தில் காலனிக்குள் நுழைகிறது என்பதைப் பார்த்தால் தனித் தொகுதியின் கதை புரிந்துவிடும். முதலில் ஊர் மந்தை, அப்புறம் கடைவீதி, அப்புறம் ஊர்ப் பெரியவர்களின் வீட்டு வாசல். காலனிக்கு வண்டி வரும்போது இரவு ஒன்பதரை ஆகியிருக்கும். பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட வேண்டும். "நம்ம சனம் ஓட்டு எங்கே போகப்போகுது?" என்பதுதான் கணக்கு.

வேட்பாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தனித் தொகுதியிலும் வாக்காளர்களில் பெரும்பான்மையோர் தலித் அல்லாதவர்களே. அவர்களின் நம்பிக்கையைப் பெற்றால்தான் வெற்றி. எனவே இரட்டைக் குவளையைப் பற்றியும், கோயில் நுழைவைப் பற்றியும், சுடுகாட்டுப் பாதையைப் பற்றியும் பேச வேண்டியவரே பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போகிறார். 1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தால் மாகாண சட்டமன்றங்களில் நமக்கான இடங்கள் 71லிருந்து 148 ஆயின. கைவிட்டுப் போனது தனி வாக்காளர் தொகுதி. எண்ணிக்கை கூடியது, ஆனால் யாருக்குப் பதில் சொல்லும் உறுப்பினர் என்ற கேள்வி அன்றே மாறிவிட்டது.

2021 தேர்தலை எடுத்துக்கொள்வோம். 2006இலும் 2019 இடைத்தேர்தலிலும் வென்றிருந்த அ.தி.மு.க.வின் எஸ். தேன்மொழி மீண்டும் களத்தில் இருந்தார். அவரை எதிர்த்து நின்றவர் மக்கள் விடுதலைக் கட்சியின் முருகவேல்ராஜன். தி.மு.க. கூட்டணியில் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் நிலக்கோட்டை. நின்றதோ உதயசூரியன் சின்னத்தில்.

ஏன் சொந்தச் சின்னமில்லை? அங்கீகாரம் இல்லாத சிறிய கட்சியின் வேட்பாளருக்குச் சின்னம் பெரும்பாலும் மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாளில்தான் உறுதியாகிறது. அந்தத் தேர்தலில் அது மார்ச் 22. ஏப்ரல் 4 மாலை ஏழு மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. இரண்டு வாரம்கூட இல்லை. கொடைரோடு பக்கமிருந்து வத்தலக்குண்டு வரை எத்தனை ஊர், எத்தனை காலனி! அதற்குள் புதிய சின்னத்தை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் மனதில் பதிய வைக்க வேண்டும். சூரியன் என்றால் சுவர் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சூரியன் கரை சேர்த்ததா? இல்லை. அடுத்த தொகுதியான ஆத்தூரில் இதே சின்னத்தில் நின்ற ஐ. பெரியசாமி 1,35,571 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்திலேயே அதுதான் அதிகம். மாநில ஆட்சியையும் தி.மு.க. பிடித்தது. ஆனால் நிலக்கோட்டையில் சூரியன் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. ஆத்தூரில் அந்த வாக்குகளைத் திரட்டியது சின்னம் மட்டுமல்ல, அதன் பின்னால் பூத் பூத்தாக இருந்த ஆட்களும் உறவுகளும்தான் என்பது நம் கணிப்பு. சின்னத்தை இரவல் வாங்கலாம், அவற்றை வாங்க முடியாது.

இரவல் சின்னத்தில் வென்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2001இல் உதயசூரியன் சின்னத்தில் மங்களூர் தொகுதியில் வென்ற தொல். திருமாவளவன் 2004இல் அந்தப் பதவியைத் துறந்து வெளியே வந்தார். நிலக்கோட்டையிலேயே 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் வென்ற புதிய தமிழகத்தின் ஏ. ராமசாமி, 2016 பிப்ரவரியில் பதவி விலகி அ.தி.மு.க. பக்கம் போன பத்துப் பேரில் ஒருவர். காலனிக்காரர்களிடம் இதை யாரும் கேட்டுச் செய்யவில்லை.

சரி, இரண்டு பெரிய கட்சிகளின் நிழலும் வேண்டாம் என்று நின்றால்? 2016இல் மக்கள் நலக் கூட்டணி சார்பில் காட்டுமன்னார்கோவில் தனித் தொகுதியில் திருமாவளவன் அப்படித்தான் நின்றார். அ.தி.மு.க.வின் முருகுமாறனுக்கு 48,450, இவருக்கு 48,363. தோற்றது 87 வாக்கில். அதே பெயருள்ள ஒரு சுயேச்சை அதைவிட அதிக வாக்கு வாங்கியிருந்தார். பெயரை வைத்து ஓட்டைப் பிரிக்கும் இந்தப் பழைய தந்திரம் எல்லாக் கட்சிக்காரர்களும் அறிந்ததுதான். அந்தத் தோல்வியோடு கதை முடியவில்லை. 2019இல் அவர் பானைச் சின்னத்தில் சிதம்பரம் மக்களவைத் தொகுதியை 3,219 வாக்கில் வென்றார். 2021இல் தி.மு.க. கூட்டணியில் இருந்தபடியே அதே பானையில் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நின்று நான்கில் வென்றது விடுதலைச் சிறுத்தைகள் கட்சி. அவற்றில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள்.

நம் மாவட்டத்துக்கும் இப்படியொரு முன்கதை உண்டு. ஏழு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஏ.எஸ். பொன்னம்மாள், 1957இல் முதன்முதலாக நிலக்கோட்டையில் வென்றது எந்தக் கட்சியின் தயவிலும் அல்ல, சுயேச்சையாக. பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம்!

இனி இங்கே எதிர்த்து நிற்க வருபவர் கூட்டணிப் பேச்சுவார்த்தை முடியும்வரை சென்னையில் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டா கேட்டு அலைபவரோடு தாலுகா அலுவலகத்துக்கும், விடியற்காலையில் பூப்பறிக்கப் போகும் பெண்களின் கூலிப் பேச்சுக்கும் இப்போதே வரலாம். சின்னம் அப்புறம் வரட்டும். வேன் காலனிக்கு வருகிற அன்று, இரவு ஒன்பதரைக்கு அல்லாமல் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி வேட்பாளரிடம் நம் பெண்கள் கேட்கலாம். மந்தையில் பேசியதையே இங்கேயும், இங்கே பேசியதையே மந்தையிலும் பேசுவாரா என்றும் கேட்கலாம்.