பட்டாணிக் கொடியும் கொழுகொம்பும்

முல்லைக்குத் தேரீந்த பாரியின் கொடையை வகுப்பில் எடுத்துரைக்கும்போது, "ஐயா, கொடி தேரை எதனாற் பற்றும்?" என மாணவரொருவர் ஒருமுறை வினவினார். நகைத்தற்குரிய வினாவன்று அது. கொடிகள் யாவும் ஒரே வகையாற் பற்றி ஏறுவனவல்ல. இவ்வுண்மையை யான் உணர்ந்தது நூலினாலன்று, ஒரு தோல்வியினாலாகும்.

மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில், ஆளுயரத்துக்கும் மேல் வளரும் மேல்நாட்டுப் பழைய பட்டாணி விதை சிறிது கிடைத்தது. தோட்டத்தில் விதைத்து, எங்களூரிற் பயற்றைக்கு நாட்டுவது போலப் பருத்த தடிகளை நாட்டிவைத்தேன். பயற்றை தன் தண்டினாலேயே தடியைச் சுற்றி ஏறுவது. பட்டாணியின் தண்டோ சுற்றுவதில்லை. அதன் கூட்டிலையின் நுனியிலுள்ள சிற்றிலைகளே தந்துகளாக மாறியுள்ளன. ஏதேனுமொன்று தீண்டியவுடன் தந்துவின் புறப்பக்கம் உட்பக்கத்தினும் விரைந்து வளர, அது வளைந்து சுருண்டு பற்றிக்கொள்கின்றது. சிறு விரலாற் பெருந்தூணை வளைத்துப் பிடித்தல் கூடுமோ? எனது கொடிகள் தடியை விடுத்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. காய் நிறைந்திருந்த வேளையில் ஓரிரவு வீசிய காற்றில் வரிசை முழுவதும் சாய்ந்தது. காலையில் நிமிர்த்த முயன்றபோது, உள்ளே குழலாயிருக்கும் தண்டுகள் என் கையிலேயே முறிந்தன.

இங்கிலாந்துத் தோட்டக்காரர் இதற்கெனக் கையாளும் முறை எளியது. ஹேசல் என்னும் சிறுமரத்தின் கிளைகளை, இலை துளிர்க்குமுன் மாரிக்காலத்தில் வெட்டிவைப்பர். விசிறிபோற் பல சுள்ளிகளாகப் பிரிந்த கிளைகளே வேண்டப்படுவன. நாற்று மூன்று நான்கு அங்குலம் உயருமுன் அவற்றை வரிசையின் இருமருங்கும் ஊன்றுவர். பிந்தினாற் பயனில்லை, தரையிற் படர்ந்த கொடியைப் பின்னர் ஏற்றுதல் அரிது. கிளை கிடையாதவிடத்து, இரு முனைகளிலும் உறுதியான கம்பங்களை ஆழ நாட்டி, இடையே வலையோ கயிறோ கட்டலாம். கம்பம் காற்றைத் தாங்குதற்கு, கயிறு தந்து பற்றுதற்கு. ஆறடி உயர்ந்த கொடிவரிசை காற்றுக்குப் பாய்மரம் போன்றதாதலின், கம்பத்தில் உலோபம் ஆகாது.

கிரகோர் மெண்டல், இன்று செக் நாட்டிலுள்ள புர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணியை ஆராய்ந்தார். அவருடைய நெட்டைச் செடிகள் ஆறேழு அடி உயர்ந்தன. குட்டையானவை முக்காலடி முதல் ஒன்றரையடி. தடி, மரக்கிளை, இழுத்துக் கட்டிய கயிறு ஆகியவற்றால் அவற்றை நிமிர்த்தி வைத்ததாக 1866இல் வெளியான தமது கட்டுரையில் அவரே கூறியுள்ளார். இரண்டாந் தலைமுறையில் 1064 செடிகளுள் 787 நெட்டை, 277 குட்டை. சாய்ந்து பின்னிக்கிடக்கும் கொடிகளை இவ்வாறு வேறுபிரித்து எண்ணல் எளிதோ? பரம்பரையியல் பேசுவோர் அக்கொம்புகளை மறந்துவிடுவது எனக்குச் சிறு மனக்குறை.

நெட்டைக்கும் குட்டைக்கும் உள்ள வேறுபாடு, ஜிபரலின் என்னும் வளர்ச்சி ஓமோனை ஆக்கும் பரம்பரை அலகொன்றினால் நேர்வதென 1997இல் தெளிவாயிற்று. வணிகர் குட்டையையே விரும்பினர். கொம்பு வேண்டா, காய்களும் ஏறக்குறைய ஒருங்கே முற்றும், பொறியால் அறுக்கலாம். நெட்டையோ பல கிழமைகள் தொடர்ந்து காய்ப்பது, ஆகவே வீட்டுத் தோட்டத்துக்கே உரியது. இதனாற் பழைய நெட்டை இனங்கள் பல, விதையைப் பேணும் வீட்டுத் தோட்டக்காரரிடத்தே தங்கலாயின. பட்டாணி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையதாதலின் விதை இனம் மாறாது வரும். ஆனால், விதைக்கென விட்ட காய்கள் கொடியிலேயே காய்ந்து சலசலக்கும்வரை கொம்பு நிற்றல் வேண்டும். பச்சைக்காய் பறித்து முடிந்ததென்று கொம்பைப் பிடுங்கி விறகாக்குவோர் அடுத்த ஆண்டு விதைக்கு அயலாரிடமே செல்வர்.